‘நல்லா கீது’ என்றார் ஏகாம்பரம்

பிசியோதெரபி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, ஓய்வு பெற்றுப் பல வருடங்களான ஸ்டெல்லா எழுதுவது.

போன வாரம் என் முழங்காலைக் காட்டிக்கொள்ள உங்கள் பிரிவுக்கு வந்திருந்தேன். காலமெல்லாம் அடுத்தவர் காலை மடக்கி நீட்டிச் சம்பாதித்தவளுக்கு இப்போது சொந்தக் காலே மக்கர் பண்ணுகிறது. அது கிடக்கட்டும். வாசலில் ஒரு சின்னத் திரை வைத்திருக்கிறீர்கள். அதில் மூன்று முகங்கள். ஒன்று சிரிக்கிறது, ஒன்று உம்மென்று இருக்கிறது, ஒன்று அழுகிறது. சிகிச்சை முடிந்து போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த முகத்தைத் தொட்டுவிட்டுப் போக வேண்டுமாம். என் முறை வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் போனவர் எல்லாரும் சிரிக்கிற முகத்தைத்தான் தொட்டார்கள். நிமிர்ந்து நிற்க முடியாமல் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர்கூட, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே அந்தச் சிரிப்பைத் தொட்டார். பக்கத்தில் நின்ற பெண் பெருமையாகச் சொன்னாள், “நம்ம பேஷண்ட்ஸ் எல்லாருமே ஹேப்பி மேடம்!”

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். என் முழங்கால் அவள் கையில் இருந்தது, அதனால்தான். இப்போது வீட்டில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறேன், சொல்லலாம்.

தொண்ணூறுகளில் நான் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு எலும்பு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். பெரிய பங்களா ஒன்றைக் கொஞ்சம் இடித்துக் கொஞ்சம் கட்டி ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். தியாகராய நகர்க் கடைகள், அடையாறு பக்கம் கட்டிட வேலை நடக்கும் இடங்கள், மயிலாப்பூர் அச்சகங்கள் என்று பல இடங்களிலிருந்தும் வேலையில் அடிபட்டவர்கள் எங்களிடம்தான் வருவார்கள். முதலாளி செலவை ஏற்றுக்கொள்வார். அடிபட்டவருடன் எப்போதும் முதலாளியின் ஆள் ஒருவர் வருவார். மேஸ்திரியோ, சூப்பர்வைசரோ, கணக்குப்பிள்ளையோ. நாம் என்ன கேட்டாலும் அந்த ஆள்தான் பதில் சொல்வார். “வலி குறைஞ்சிருக்கா?” என்றால், “அதெல்லாம் குறைஞ்சிடுச்சு மேடம்” என்பார் கூட வந்தவர். யாருக்கு வலி என்று எனக்கே சில நாள் சந்தேகம் வந்துவிடும்.

டாக்டரிடமும் வக்கீலிடமும் மறைக்கக் கூடாது என்பது நம் ஊரில் எல்லாரும் சொல்லும் வாசகம். வக்கீல் விஷயம் எனக்குத் தெரியாது. டாக்டரிடம் மறைப்பதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. அதுவும் மரியாதைக்காக மறைப்பார்கள். மயிலாப்பூரில் அச்சு இயந்திரத்தில் விரல் நசுங்கிய ஒருவர், காலையில் எங்களிடம் ஒத்தடம் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் நாட்டு வைத்தியரிடம் எண்ணெய்க்கட்டு போட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நாள் இது ஓடியது. கடைசியில் வாசனை காட்டிக்கொடுத்தது. “ஏங்க சொல்லல?” என்று கேட்டதற்கு, “டாக்டர் மனசு நோகுமேம்மா” என்றார். விரல் நோவதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அவர் விரல் நல்லபடியாகத் தேறியது. எந்த வைத்தியத்தால் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் சொல்ல வந்தது ஏகாம்பரத்தைப் பற்றி.

ஏகாம்பரம் தி.நகரில் ஒரு பெரிய பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளர். நாற்பதைத் தாண்டியவர், கே.கே. நகரில் குடித்தனம். முகூர்த்தப் பட்டுப் பிரிவில் அவர் கவுண்ட்டர்தான் ராசி என்று அவருக்காகவே காத்திருந்து வாங்குகிற குடும்பங்கள் உண்டு. மேல் தட்டிலிருந்து பெட்டியை இறக்கும்போது ஏணி சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிவு. எங்கள் பெரிய டாக்டர் எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டு போட்டார்.

பெரிய டாக்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மயிலாப்பூர்க்காரர், தங்கமான கை, கொஞ்சம் தற்பெருமை. எலும்பு ஒழுங்காகச் சேர்ந்துவிட்டால் அந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். ஏகாம்பரத்தின் எக்ஸ்ரேயை ஆஸ்பத்திரிக்கு மருந்து கொண்டுவந்தவர்கூடப் பார்த்திருக்கிறார். டாக்டரிடம் ஒரு சோதனை உண்டு. மணிக்கட்டு முறிந்து குணமானவர்களைக் கும்பிடச் சொல்வார். இரண்டு உள்ளங்கையும் நன்றாக ஒட்டி, முழங்கை உயர்ந்து, மணிக்கட்டு பின்னால் வளைந்தால் பாஸ். நோயாளிக்கும் அது பிடிக்கும். எப்படியும் டாக்டரைக் கும்பிடத்தான் போகிறார், அது சோதனையாகவும் ஆகிவிட்டது. கும்பிட வைத்தே நாங்கள் எத்தனையோ பேரை வேலைக்கு அனுப்பியிருக்கிறோம். நானும்தான் அனுப்பினேன். அதற்காக இங்கே மார்பில் அடித்துக்கொள்ளப் போவதில்லை. அந்தச் சோதனை தப்பும் இல்லை. அது மணிக்கட்டு வளைகிறதா என்று காட்டும். கை திரும்புகிறதா என்று காட்டாது. அவ்வளவுதான்.

மாவுக்கட்டு பிரித்தபின் ஏகாம்பரம் என்னிடம் வர ஆரம்பித்தார். மெழுகு ஒத்தடம், பயிற்சி எல்லாம் ஒழுங்காகச் செய்வார். கூடவே கடையின் சூப்பர்வைசர் சுடலைமுத்து வருவார். திருநெல்வேலிக்காரர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டை. அவர் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நாங்கள் எது கேட்டாலும் ‘நல்லாருக்கு’ என்று கூடவே சொல்வார்.

“எப்படி இருக்கு ஏகாம்பரம்?”

“சூப்பரா கீது மேடம். உங்க புண்ணியத்துல நல்லா கீது.”

“இங்க வலிக்குதா?”

“இல்ல மேடம், நல்லா கீது.”

அழுத்தினால் கண்ணில் தண்ணீர் வரும், வாயில் ‘நல்லா கீது’ வரும். பெரிய டாக்டருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. இந்த மாதிரி ஒரு திருப்தியான பேஷண்ட்டைப் பார்த்ததே இல்லை என்று ரவுண்ட்ஸில் சொன்னார்.

ஆடி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆடித் தள்ளுபடி தொடங்கினால் தி.நகரில் மனிதர் தலையில் மனிதர் நடப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குள் ஆள் வேலைக்கு வந்தாக வேண்டும் என்று கடையிலிருந்து கேட்டார்கள். சனிக்கிழமை கடைசிப் பரிசோதனை, பூரண குணம் என்று சான்று எழுதிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. சான்று கொடுத்துவிட்டால் சிகிச்சையும் அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஆளை அனுப்ப எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார்.

அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சின்னப் பிள்ளையார் இருப்பார். வெள்ளிதோறும் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல். விநியோகம் ஆயா அஞ்சலையின் கையில். ஊரூர் குப்பத்திலிருந்து வருகிறவள். அவள் குரல் கேட்டால் மயக்கத்தில் இருப்பவரும் எழுந்துவிடுவார். நான் சாந்தோம் கோயிலுக்குப் போகிறவள், ஆனால் அந்தப் பொங்கலை ஒரு வாரமும் விட்டதில்லை. பிள்ளையாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அன்று பயிற்சி முடித்து வெளியே வந்த ஏகாம்பரம் பொங்கலுக்குக் கை நீட்டினார். இடது கை. சுடலைமுத்து அன்று வரவில்லை, கடையில் சரக்கு இறங்குகிறது என்று நின்றுவிட்டார்.

அஞ்சலை கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். “இன்னா நைனா, சாமி பிரசாதத்த பீச்சாங்கையில வாங்கிக்கினு? சோத்துக் கைய நீட்டு!”

பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஏகாம்பரத்தின் முகம் சிவந்துவிட்டது. வலது கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்க்கவில்லை, கட்டை விரல்தான் மேலே நின்றது. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு உடம்பையே வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். அப்படியும் உள்ளங்கை கூரை மாதிரி சரிந்தே நின்றது. அஞ்சலை வைத்த பொங்கல் வழுக்கித் தரையில் விழுந்தது.

“அய்ய, கீழ உட்டுட்டியே!” என்றாள் அஞ்சலை.

ஏகாம்பரம் குனிந்து இடது கையால் அதை வழித்து எடுத்தார். நான் கிட்டே போவதற்குள், “பஸ்ஸுக்கு நேரமாச்சு மேடம், நாளைக்கு வரேன்” என்று போய்விட்டார்.

என் கையில் இருந்த பொங்கலை அப்படியே வைத்துவிட்டேன். பட்டுப்புடவைக் கடைக்குப் போகாதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். விற்பவர் மடித்த புடவையைக் கவிழ்த்த கையால் எடுப்பார். ஒரு சுழற்றில் உள்ளங்கை மேலே திரும்பும், புடவை கவுண்ட்டர் முழுக்க விரிந்து விழும், முந்தானை நம் முன்னால் வந்து நிற்கும். அந்த ஒரு திருப்பல்தான் அவர் தொழில். அது இவரிடம் இல்லை. இப்போது விடாமல் பிடித்துப் பழக்கினால் வரும். விட்டுவிட்டால் மூட்டு இறுகிப்போகும், அப்புறம் யாராலும் திருப்ப முடியாது. நாளைக்கு நாங்கள் பூரண குணம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறோம்.

நேரே பெரிய டாக்டரிடம் போனேன். பொங்கல் கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

“ஸ்டெல்லா, எலும்பு எவ்வளவு அழகா சேர்ந்திருக்குன்னு நீயே பார்த்தே. கும்பிடறார், கை பிடிக்கிறார். பேஷண்ட் திருப்தியா இருக்கார், கடைக்காரா திருப்தியா இருக்கா. உனக்கு மட்டும் என்ன அதிருப்தி?”

“கை திரும்பல டாக்டர்.”

“அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னாரா? நாளைக்கு அவர் வாயால சொல்லட்டும், பார்க்கறேன்.”

அவர் சொன்னது நியாயம்தான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஆனால் இந்தப் பிள்ளை அழாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை வந்தது. டாக்டர் அறையில் எக்ஸ்ரே மாட்டியிருக்கிறது. ஏகாம்பரம் ஸ்டூலில், பின்னால் சுடலைமுத்து, ஓரத்தில் நான்.

“சொல்லுங்கோ ஏகாம்பரம், கை எப்படி இருக்கு? ஏதாவது குறை இருந்தா தைரியமா சொல்லலாம்.”

“ஒரு கொறையும் இல்ல டாக்டர். ரொம்பத் திருப்தி. நல்லா கீது.”

கும்பிட்டார். அவ்வளவு அழகாகக் கும்பிட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார், பேனா மூடியைத் திறந்தார்.

அந்த நொடியில் எனக்கு இரண்டு வழி இருந்தது. ‘இவர் பொய் சொல்கிறார்’ என்று எல்லார் முன்னாலும் சொல்லலாம். பொங்கலைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். ஆனால் ஒரு மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றை மறைக்கிறார் என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும். காரணம் தெரியாமல் போட்டு உடைத்தால் உடைவது அவர் பிழைப்பு, என்னுடையது இல்லை. பேசாமல் இருந்தால் கை போகும்.

“டாக்டர், ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு. அஞ்சு நிமிஷம் கொடுங்க” என்றேன். அப்படி ஒரு டெஸ்ட் உலகத்தில் கிடையாது. ஏகாம்பரத்தை என் அறைக்கு அழைத்துப் போனேன். சுடலைமுத்து வழக்கம்போலக் கூடவே வந்தார். “இதுக்கு பேஷண்ட் மட்டும்தான் சார்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவை நான் ஒரு நோயாளிக்காகச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

கட்டிலில் மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“நான் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்திருக்கேன். இதுதான் அரக்குப் பட்டு. விரிச்சுக் காட்டுங்க.”

அவர் சிரிக்கப் பார்த்தார். “இன்னா மேடம், தமாசு...”

“விரிங்க ஏகாம்பரம்.”

எடுத்தார். தோளைத் தூக்கி, இடுப்பை வளைத்து, உடம்பு முழுவதையும் போட்டு வீசினார். விரிப்பு சுருண்டு கட்டில் விளிம்பில் தொங்கியது. இரண்டாம் தடவை இன்னும் வேகமாக வீசினார். அது கீழே விழுந்தது. மூன்றாம் தடவை எடுக்கவில்லை. விரிப்பைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்த பார்வையில் நல்ல கோபம் இருந்தது.

“இப்ப இன்னா வேணும் உனக்கு? நான் நல்லா கீதுன்னு சொல்லிக்கினேதான கீறேன்? ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பறத்த உட்டுட்டு...” குரல் உடைந்தது. “கை சரியில்லன்னு சொன்னா இன்னா பண்ணுவாங்க தெரியுமா? கீழ பேஸ்மெண்ட்ல பார்சல் கட்றதுக்குப் போட்ருவாங்க. எனக்கு முன்னாடி ஒத்தர், இடுப்பு போச்சுன்னு சொன்னாரு. போனவர் திரும்பி மேல வரவே இல்ல. நான் கஸ்டமரப் பாத்துப் பேசி வளந்தவன்மா. வெளிச்சமே இல்லாத எடத்துல ஒக்காந்து அட்டப்பொட்டி கட்டச் சொல்றியா?”

மாதக்கணக்கில் இந்தப் பயத்தை மென்று முழுங்கிக்கொண்டு, நான் அழுத்திய ஒவ்வொரு அழுத்தலுக்கும் ‘நல்லா கீது’ என்று சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசர் காதில் விழுவதற்காகச் சொன்ன பதிலை நாங்கள் எங்களுக்குச் சொன்னதாக நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

“சரி, உள்ளதைச் சொல்றேன்” என்றேன். “இப்போ விட்டுட்டா இந்தக் கை திரும்பாது. கவுண்ட்டர்ல நின்னாலும் ஒரு மாசத்துல அவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க. இப்போ விடாம செஞ்சா பெரும்பாலும் வந்துடும். முழுசா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நான் வெளிய போய் உங்க சூப்பர்வைசர்கிட்ட பேசலாமா? நீங்க வேண்டாம்னா பேசல.”

அவர் வெகுநேரம் அந்த விரிப்பையே மடித்துக்கொண்டிருந்தார். விற்பனையாளர் மடிப்பு, நூல் பிடித்த மாதிரி. பிறகு சொன்னார், “பேசு. கை வராதுன்னு மட்டும் சொல்லிடாதம்மா.”

கதவைத் திறந்தேன். சுடலைமுத்து வெளியே நாற்காலியில் இல்லை. கதவை ஒட்டியே நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நான் மனதில் ஒரு பிரசங்கமே தயார் செய்துவைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“மேடம், அவன் கை திரும்பலன்னு எனக்கு எப்பவோ தெரியும்லா. டீ கிளாஸ இடது கையில புடிக்கதப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். பாக்கிச் சில்லறையக் கையில வாங்காம மேசையில வைக்கச் சொல்லுதான்.”

“அப்புறம் ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?”

“நான் எப்படிச் சொல்ல? பெரிய டாக்டரு எக்ஸ்ரேயக் காட்டி அவ்வளவு சந்தோசப்படுதாரு. அவர் வைத்தியத்துல குறை சொன்னா கோவத்துல இவன் வேலைக்கே லாயக்கில்லன்னு எழுதிப்புட்டாருன்னா? அப்புறம் முதலாளி கிட்ட நான் என்ன பேசி என்ன? அதான் எது கேட்டாலும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொன்னேன். எப்படியாது சர்டிபிகேட்ட வாங்கிக் கடைக்குள்ள கொண்டுபோயிட்டா மத்ததை நான் சமாளிச்சிருவேன்னு பாத்தேன்.”

உள்ளே ஏகாம்பரம் விரிப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். “அண்ணாச்சி, உனுக்குத் தெரியுமா?”

“தெரியாமலா உங்கூட தினமும் இங்க வந்து உக்காந்திருக்கேன்? எனக்கு வேற சோலி இல்லன்னு நெனச்சியாவே?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒருவர் பயத்தாலும் ஒருவர் பிரியத்தாலும் பொய் சொல்லி, அந்தக் கையைக் கிட்டத்தட்ட முடித்துவைத்திருந்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்று ஆளாளுக்கு ஒரு ‘நல்லா இருக்கு’. இந்த நல்ல மனதை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

மூன்று பேருமாக டாக்டர் அறைக்குத் திரும்பினோம். நான் பேசவில்லை. ஏகாம்பரத்தைத்தான் பேசச் சொன்னேன். அவர் எழுந்து நின்று, செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு, “டாக்டர், கை திரும்ப மாட்டேங்குது” என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது அவருக்கு.

பெரிய டாக்டர் முகம் சுருங்கியது. எக்ஸ்ரேயை ஒரு தடவை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏகாம்பரத்துக்கு எதிரே உட்கார்ந்து, அவர் முழங்கையை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, கையைத் தானே திருப்பிப் பார்த்தார். பாதியில் நின்றது. இன்னொரு தடவை திருப்பினார். ஏகாம்பரம் “அம்மா!” என்று கத்தினார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் போட்ட முதல் சத்தம் அது.

“ஏன்யா, இத்தனை நாள் வலிக்கலைன்னு சொன்னேரே!”

“வலிச்சுது டாக்டர். எப்பவுமே வலிச்சுது.”

டாக்டர் அவர் கையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். என்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். “நன்னா மாட்டிண்டேன்” என்று முணுமுணுத்துவிட்டு, எக்ஸ்ரேயைக் கழற்றி உறையில் போட்டார். பிறகு சுடலைமுத்துவிடம், “இவருக்கு இன்னும் வைத்தியம் இருக்கு. இலகுவான வேலை கொடுத்தா இப்பவே வரலாம். முடியுமா உங்க கடையில?” என்றார்.

“முகூர்த்தப் பட்டுல முடியும் டாக்டர்” என்றார் சுடலைமுத்து. “அங்கன கல்யாண வீட்டுக்காரங்க ஜமக்காளத்துல உக்காந்துருவாங்க. இவன் பேசட்டும், விரிச்சுப் போட வேற பயல விடுதேன். இவன் வாய்க்கு ஒரு முறிவும் இல்லல்லா.”

அப்படித்தான் நடந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஏகாம்பரம் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பேசியே புடவை விற்றார். வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை என்று கேள்வி. மத்தியான நேரத்தில் என்னிடம் வந்துவிடுவார், இப்போது தனியாக. சுடலைமுத்துவுக்கு நிஜமாகவே வேறு சோலி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த ஏகாம்பரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குறை, குறை, எதை எடுத்தாலும் குறை. மெழுகு சுடுகிறது. மின்விசிறி கடகடவென்கிறது. டாக்டர் காக்கவைக்கிறார். “நேத்து நீ திருப்பனதுல ராத்திரி தூக்கமே இல்ல, இன்னிக்குக் கொஞ்சம் பாத்துப் பண்ணு.” ஒருநாள் அஞ்சலையிடம் பொங்கலில் முந்திரி இல்லை என்று சண்டை போட்டார். அந்தக் குறைகளை வைத்துத்தான் நான் வைத்தியம் பார்த்தேன். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, எந்தத் திருப்பலில் நிற்கிறது, எல்லாம் அவர் வாயிலிருந்தே வந்தது. அவர் திட்டத் திட்ட எனக்கு ஒரே சந்தோஷம். உண்மையாகச் சொல்கிறேன், என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

அன்றிலிருந்து நான் இரண்டு காரியங்களை விட்டதில்லை. வேலையில் அடிபட்டு வருகிறவரைக் கூட வந்தவர் இல்லாமல் ஒரு தடவையாவது தனியாகப் பார்ப்பேன். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்கமாட்டேன், ‘நாளைக்கு வேலைக்குப் போனதும் முதலில் என்ன செய்வீங்க? அதைச் செஞ்சு காட்டுங்க’ என்பேன். கொத்தனார் கரண்டி பிடிப்பது போலக் காட்டுவார், தையல்காரர் காலால் மிதிப்பது போலக் காட்டுவார். அப்போது உடம்பு உள்ளதைச் சொல்லிவிடும். பெரிய டாக்டரும் கும்பிடச் சொல்வதை நிறுத்தவில்லை, ஆனால் கும்பிட்டு முடித்ததும் கையைப் பிடித்துத் திருப்பியும் பார்க்க ஆரம்பித்தார். யாரிடம் கற்றுக்கொண்டார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தை மாதத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். முகூர்த்தப் பட்டுப் பிரிவில் நல்ல கூட்டம். ஏகாம்பரம் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் உதவிக்கு யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும், “வாங்க மேடம், வாங்கம்மா” என்று மடித்த புடவை ஒன்றை எடுத்தார். கவிழ்ந்த கை ஒரு சுழற்றில் மேலே திரும்பியது. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை கவுண்ட்டர் முழுக்க விரிந்து விழுந்தது. முந்தானை என் அம்மாவின் முன்னால் வந்து நின்றது. அம்மா புடவையைப் பார்த்தாள். நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது.

சுடலைமுத்து நாலு பேரைத் தள்ளிக்கொண்டு வந்தார். “எப்படி மேடம் நம்ம ஆளு? கை பழையபடி ஆயிட்டுல்லா?”

நான் பதில் சொல்வதற்குள் ஏகாம்பரம் குறுக்கே பேசினார். கவுண்ட்டரைச் சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, சத்தமாக.

“எங்க பழையபடி ஆச்சு அண்ணாச்சி? கடைசித் திருப்பல்ல இன்னும் இஸ்துக்கினுதான் கீது. நான் திங்கக்கெழம மத்தியானம் மேடம் கிட்ட போவணும், கவுண்ட்டருக்கு வேற ஆளப் போட்டுக்கோ.”

“போயிட்டு வாவே, யாரு வேண்டாம்னா?” என்றார் சுடலைமுத்து.

ஏகாம்பரம் அடுத்த புடவையை எடுத்தார்.